ஒரே சைக்கிளில் ஃப்ரோம் மலையும் விஸ்லர் பார்க்கும்

கேள்வி: நான் கனடாவில் வான்கூவருக்குப் பக்கத்தில் பர்னபியில் இருக்கிறேன். வயது 31, உயரம் 163 செ.மீ., எடை 58 கிலோ. செவிலியர் வேலை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயிலை மூன்று வருடமாக ஓட்டுகிறேன். ஷிஃப்ட் முடிந்த பிறகு வாரத்தில் இரண்டு நாள் பர்னபி மலை, லீவு நாளில் நார்த் வான்கூவரில் ஃப்ரோம் மலை. போன கோடையில் விஸ்லர் பைக் பார்க்கில் நாலு நாள் வாடகை சைக்கிளில் ஓட்டினேன். மனது இன்னும் அங்கேயே நிற்கிறது. முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள ஒரே சைக்கிளை வாங்கி இரண்டுக்கும் வைத்துக்கொள்ள நினைக்கிறேன். 4,500 டாலர் சேர்த்திருக்கிறேன். ஒரு கடையில் 170 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளைக் காட்டி, "பார்க்குக்குப் போவதென்றால் இதுதான்" என்றார்கள். கூட ஓட்டும் தோழி 120 மி.மீ. போதும் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? கார்பனா, அலுமினியமா? பழையது வாங்கலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உயரம், எடை, எங்கே ஓட்டுகிறீர்கள், எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்வதில்லை. நான் கேட்டால்தான் வரும். அதனால் உங்களுக்குப் பதில் சொல்வது எனக்குச் சுலபம்.

முதலில் நாட்களை எண்ணிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று சவாரி. பனி, புகை, நைட் ஷிஃப்ட் எல்லாம் கழித்தாலும் வருடத்துக்கு நூறு தடவையாவது சைக்கிளை எடுப்பீர்கள். விஸ்லருக்குப் போனது நாலு நாள். அடுத்த வருடம் பத்து நாள் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளும் லிஃப்ட் உங்களையும் சைக்கிளையும் மேலே கொண்டுபோய் இறக்கிவிடும். மற்ற நூறு நாளும் மேலே கொண்டுபோவது உங்கள் கால்கள்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த கால்கள். ஃப்ரோமில் மவுண்டன் ஹைவே மண் சாலையில் மிதித்து ஏறும்போது, கடைக்காரர் காட்டிய 170 மி.மீ. சைக்கிள் ஒவ்வொரு வளைவிலும் தன் எடையைச் சொல்லிக்காட்டும்.

ஆகவே நூறு நாளுக்கு ஏற்ற சைக்கிளை வாங்குங்கள். அதையே பத்து நாள் பார்க்கைத் தாங்கும்படி செய்துகொள்வோம். தலைகீழாகச் செய்ய வேண்டாம். நான் சொல்ல வந்தது இதுதான். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பது.

மி.மீ. கணக்கு எதைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சக்கரம் மேடுபள்ளத்தில் எவ்வளவு தூரம் மேலே ஏறி இறங்க இடம் இருக்கிறது என்பது அது. டிராவல் என்கிறோம். டிராவல் கூடக்கூட வேகமான, கரடுமுரடான இறக்கத்தில் சைக்கிள் அமைதியாக இருக்கும். ஆனால் மெதுவான பாதையில் அதே சைக்கிள் சோம்பலாகிவிடும். நீங்கள் காலால் அழுத்தித் தூக்கப் பார்க்கும் உந்துதலை சஸ்பென்ஷனே விழுங்கிக்கொள்ளும். 58 கிலோ எடையில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். 85 கிலோ ஆள் 170 மி.மீ. முழுவதையும் பயன்படுத்துகிற இடத்தில் அதே காற்றழுத்தத்தில் நீங்கள் 120 கூட அமுக்கியிருக்க மாட்டீர்கள். பயன்படுத்தாத டிராவலை மலைமேல் சுமந்துகொண்டு போவானேன்?

தோழி சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. பர்னபி மலைக்கு மட்டும் என்றால் 120 தாராளம். ஃப்ரோமில் வேரும் பாறையும் நிறைந்த செவன்த் சீக்ரெட் மாதிரிப் பாதைகளில் அது கொஞ்சம் திணறும். பார்க்கில் பிரச்சினை வேறு. 120 மி.மீ. சைக்கிள் பார்க்கில் இறங்கவே இறங்காது என்பதில்லை, திறமையானவர்கள் இறக்கிக் காட்டுவார்கள். ஆனால் அந்த வகை சைக்கிளில் முன் சஸ்பென்ஷனான ஃபோர்க் மெல்லியது, பிரேக் சிறியது, டயர் லேசானது. எல்லாம் எடையைக் குறைப்பதற்காகச் செய்தவை. விஸ்லரில் வளைவுக்கு முன்னால் எல்லாரும் பிரேக் பிடித்துப் பிடித்துத் தரை அலை அலையாகக் குழிந்து கிடக்குமே, அதில் நாள் முழுக்க இருபது தடவை இறங்கினால் சைக்கிளுக்கு முன்னால் உங்கள் கை விட்டுப்போகும். இன்னொன்றும் உண்டு. பல தயாரிப்பாளர்கள் கையேட்டில் சைக்கிளை 1 முதல் 5 வரை வகை பிரித்து, எந்த மாதிரி ஓட்டத்துக்குச் செய்தது என்று எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து படியுங்கள். பார்க் ஓட்டத்துக்கு அது இடம் கொடுக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொண்டால், பின்னால் பிரேம் விரிசல் விட்டு வாரண்டி கேட்கப் போகும்போது வாக்குவாதம் வராது.

உங்களுக்கு நான் சொல்லும் அளவு: பின்னால் 140 முதல் 150, முன்னால் 150 முதல் 160. இந்த அளவில் நம் பக்கத்திலேயே நல்ல சைக்கிள்கள் இருக்கின்றன. ராக்கி மவுண்டன் இன்ஸ்டிங்ட் பின்னால் 140, முன்னால் 150. நார்கோ சைட் 150, 160. எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்லிங்ஹாமிலிருந்து வரும் டிரான்ஸிஷன் சென்டினலும் 150, 160தான். இவற்றில் ஒன்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கடையில் இவற்றின் அருகில் நிறுத்திப் பார்த்து மற்றவற்றை அளந்துகொள்ளலாம்.

பெயரைவிட அளவுதான் முக்கியம். 163 செ.மீ. உயரத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்களில் ஸ்மால் வரும். ஆனால் ஒரு நிறுவனத்தின் ஸ்மால் இன்னொன்றின் மீடியம் மாதிரி இருக்கும். அதனால் எழுத்தைப் பார்க்காதீர்கள், ரீச் என்ற எண்ணைப் பாருங்கள். எழுந்து நின்று ஓட்டும்போது சைக்கிள் உங்களுக்கு எவ்வளவு நீளம் என்பதை அது சொல்லும். உங்களுக்கு 420 முதல் 440 மி.மீ. வரை பொருந்தும். முன் ஃபோர்க் சாய்வு 64, 65 டிகிரி அளவில் இருந்தால் பார்க்கில் நம்பிக்கை வரும், ஏற்றத்திலும் முன் சக்கரம் அலையாது. சீட் குழாயின் சாய்வு 76 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். செங்குத்தாக இருந்தால் பெடலுக்கு நேர் மேலே உட்கார்ந்து மிதிக்கலாம். ஃப்ரோம் ஏற்றத்தில் இடுப்பு வலி வராமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

சக்கரத்தில் உங்களுக்கு ஒரு யோசனை. முன்னால் 29 அங்குலம், பின்னால் 27.5 உள்ள சைக்கிள் கிடைத்தால் அதை முதலில் ஓட்டிப் பாருங்கள். முல்லெட் என்பார்கள். உயரம் குறைந்தவர்கள் செங்குத்தான இறக்கத்தில் பின்னால் சாயும்போது பெரிய பின் டயர் உடம்பின் பின்பக்கத்தில் உரசும். சின்னச் சக்கரத்தில் அந்த இடைவெளி கிடைக்கும், வளைவிலும் சைக்கிள் சட்டென்று சாயும். இரண்டும் 29 என்பதால் ஒரு நல்ல சைக்கிளை விட்டுவிட வேண்டாம், ஆனால் வாய்ப்பிருந்தால் இதுதான் உங்களுக்கு உகந்தது. பெடல் கைகள் 165 மி.மீ. இருந்தால் நல்லது, பாறையில் அடிபடுவது குறையும். ஓட்டும்போதே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் சீட் போஸ்ட் குறைந்தது 150 மி.மீ. இறங்க வேண்டும். கடையிலேயே சீட்டை முழுக்க இறக்கி, பெடல்மேல் எழுந்து நின்று பாருங்கள்.

இனி நான் மனதார வற்புறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சஸ்பென்ஷனை உங்கள் எடைக்குச் சரி செய்வது.

பதினெட்டு வருடமாகப் பின் சஸ்பென்ஷனான ஷாக்கும் முன் ஃபோர்க்கும் பிரித்துச் சர்வீஸ் செய்கிறேன். கனடாவுக்கு வரும் சைக்கிள்கள் பெரும்பாலும் 75, 80 கிலோ ஆளை மனதில் வைத்து டியூன் செய்யப்பட்டவை. சில வருடங்களுக்கு முன் உங்களைப் போலவே 56 கிலோ எடையுள்ள ஒரு பெண் வந்தார். ஃபோர்க்கில் 160 மி.மீ. டிராவல். ஒரு முழுக் கோடை ஓட்டியிருந்தார். எவ்வளவு அமுங்கியது என்று காட்டும், ஃபோர்க் காலில் உள்ள ரப்பர் வளையம் 95 மி.மீ.க்கு மேல் ஒருநாளும் போனதில்லை. "என் கையில் வலு போதவில்லை, ஜிம்முக்குப் போகப்போகிறேன்" என்றார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய இடத்தில் 80 கிலோ ஆளுக்கு அடிக்கும் காற்றை அடித்து, அப்படியே கையில் கொடுத்திருந்தார்கள். காற்றைக் குறைத்தோம். ஃபோர்க்குக்குள் காற்றின் இடத்தைக் குறைத்துக் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் டோக்கன்களை எடுத்தோம். சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழைத் திறந்துவிட்டோம். அடுத்த வாரம் வந்து, "இது வேறு சைக்கிள்" என்றார். அந்த ஒரு கோடையை அவர் வீணாக வலியோடு ஓட்டினாரே என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஓட்டும் உடுப்பு, தண்ணீர், பை எல்லாவற்றோடும் சைக்கிளில் எழுந்து நில்லுங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். ஆடாமல் நின்று, ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளி வைத்து, மெதுவாக இறங்குங்கள். உங்கள் எடைக்கு மட்டும் எவ்வளவு அமுங்கியது என்று வளையம் காட்டும். சேக் என்கிறோம். பின் ஷாக்கில் 28 முதல் 30 சதவீதம் வர வேண்டும். ஷாக் தண்டு மொத்தம் 60 மி.மீ. நகரும் என்றால் 17, 18 மி.மீ. முன் ஃபோர்க்கில் 20 சதவீதம் போதும், 150 மி.மீ. ஃபோர்க்கில் 30 மி.மீ. வரும் வரை காற்றைக் கூட்டிக் குறையுங்கள். ஷாக் பம்ப் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்க வேண்டிய முதல் கருவி அது.

அப்புறம் ரீபவுண்ட். அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகத்தில் திரும்ப எழுகிறது என்பது. எடை குறைந்தவர்கள் காற்றைக் குறைவாக வைப்பதால் எழும் விசையும் குறைவு, அதனால் ரீபவுண்ட் தடையையும் குறைக்க வேண்டும். பலருக்குக் குமிழை முழுவதும் திறந்தாலும் ஷாக் சோம்பலாகத்தான் எழும். வேர் வரிசையில் இறங்கும்போது முதல் வேரில் அமுங்கியது எழுவதற்குள் அடுத்த வேர் வந்துவிடும், சைக்கிள் கீழேயே இறங்கி நின்று கட்டையாகிவிடும். அப்படியானால் ஷாக்கைப் பிரித்து, உள்ளே இருக்கும் தடையைக் குறைத்து லேசான டியூன் போடச் சொல்ல வேண்டும். எந்த நல்ல சஸ்பென்ஷன் கடையிலும் செய்து தருவார்கள். வாங்கும்போதே கேளுங்கள். காயில் ஸ்பிரிங் ஷாக் அழகான பொருள்தான், ஆனால் உங்கள் எடைக்குத் தேவையான மென்மையான ஸ்பிரிங் சில பிரேம்களுக்குக் கிடைப்பதே இல்லை. காற்று ஷாக்கையே எடுங்கள்.

விஸ்லருக்குப் போகும் அன்று மட்டும் முன்னும் பின்னும் காற்றை ஐந்து சதவீதம் கூட்டி, ரீபவுண்டை ஒரு கிளிக் மெதுவாக்குங்கள். தாவி இறங்கும்போது அடியில் போய் இடிக்காது, மேலே உதைத்தும் தள்ளாது. வீட்டு அளவையும் பார்க் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் டயரும்தான் மலைப்பாதைக்கான ஒரு டிரெயில் சைக்கிளைப் பார்க் சைக்கிளாக்குகிறவை. பிரேக் நாலு பிஸ்டன் உள்ளதாக இருக்கட்டும். முன் டிஸ்க் 200 மி.மீ., பின்னால் 180 உங்கள் எடைக்குச் சரி, 200 இருந்தால் இன்னும் நல்லது. நீளமான இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிப்புத் தளர்ந்தால் பயம் வந்துவிடும். பயம் வந்தால் உடம்பு இறுகும், அப்புறம் விழுவதுதான் நடக்கும். கை சிறியதாக இருந்தால் பிரேக் லீவரை ஹேண்டில் பக்கம் நெருக்கி வைக்கும் திருகு உண்டு, ஒரே விரலில் பிடிக்கும்படி நெருக்கிக்கொள்ளுங்கள்.

டயரில் தயாரிப்பாளர்கள் மிச்சம் பிடிப்பார்கள். விலை குறைந்த சைக்கிள்களில் வரும் டயர் மெல்லிய பக்கச்சுவர் உள்ளதாக இருக்கும். கடையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மாற்றித் தரச் சொல்லுங்கள், புது டயர் என்பதால் அதன் விலையைக் கழித்துக்கொள்வார்கள். நான் உங்களுக்குப் போடுவது: முன்னால் மாக்ஸிஸ் அசகாய், மென்மையான மாக்ஸ்கிரிப் ரப்பரில், 2.5 அங்குலம். ஈரமான வேரில் அதற்கு ஈடு நான் பார்த்ததில்லை, நார்த் ஷோர் என்கிற நார்த் வான்கூவர் மலைப்பக்கத்தில் வருடத்தில் பாதி நாள் வேர் ஈரமாகத்தான் இருக்கும். பின்னால் மினியன் டிஎச்ஆர் 2, தடித்த டபுள்டவுன் பக்கச்சுவரோடு. டியூப் வேண்டாம், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றி ஓட்டுங்கள். காற்று முன்னால் 20, பின்னால் 23 பி.எஸ்.ஐ.யில் தொடங்குங்கள். பார்க்கில் இரண்டிலும் 2 கூட்டுங்கள்.

கார்பன் கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அலுமினியம். 4,500 டாலரில் கார்பன் பிரேம் வாங்கினால் அந்தக் காசை பிரேக்கிலும் ஃபோர்க்கிலும் பிடித்திருப்பார்கள். அரைக் கிலோ லேசான பிரேம் உங்களைப் பாறைமேல் காப்பாற்றாது, நல்ல ஃபோர்க்கும் பிரேக்கும் காப்பாற்றும்.

பழையதைப் பற்றி. வாங்கலாம், நன்றாகப் பார்த்து வாங்கினால். ஆனால் பார்க்கில் உழைத்த சைக்கிளை நான் எளிதில் நம்புவதில்லை. பார்க்கப் போகும்போது வெளிச்சத்தில் பாருங்கள். ஃபோர்க் கால்களிலும் ஷாக் தண்டிலும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், கீறல் தட்டினால் வேண்டாம். சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். பின்பக்கம் டக் டக் என்று ஆடினால் பின் சஸ்பென்ஷன் மூட்டில் உள்ள பிவட் பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ போய்விட்டது. ரிம்மில் நசுங்கல் இருக்கிறதா, பிரேமின் வெல்டிங் ஓரங்களில் முடி மாதிரிக் கோடு இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள். கடைசியாக எப்போது சஸ்பென்ஷன் சர்வீஸ் செய்தார்கள் என்று ரசீது கேளுங்கள். பிரேமுக்கு அடியில் உள்ள சீரியல் எண்ணை 529 கராஜ் என்ற சைக்கிள் பதிவுச் சேவையில் போட்டுத் திருட்டு சைக்கிளா என்று சரிபாருங்கள். வாங்கிய பிறகு உங்கள் சைக்கிளையும் அதில் பதிந்து வையுங்கள்.

எனக்கு உங்கள் நிலையில் பிடித்த வழி வேறு. இலையுதிர் காலம் வரை பொறுத்திருங்கள். புது மாடல் வருவதால் கடையில் நிற்கும் அந்த வருட சைக்கிளின் விலை இறங்கும், ஸ்மால் அளவில் சரக்கு மீந்து நிற்பதும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சைக்கிளுக்கு மாகாண வரி கிடையாது, 5 சதவீதம் ஜிஎஸ்டி மட்டும்தான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை உங்கள் ஹார்ட்டெயில் இருக்கிறது. இந்தக் கோடையில் விஸ்லருக்குப் போனால் வாடகைக்கு 150, 160 மி.மீ. டிரெயில் சைக்கிளைக் கேளுங்கள், இறக்கத்துக்கென்றே செய்த 200 மி.மீ. டவுன்ஹில் சைக்கிளை வேண்டாம் என்று சொல்லுங்கள். போன வருடம் உங்களுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று எழுதவில்லை, பெரியதைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே கிராங்க் இட் அப் என்ற தாவல் பாதையில் டிரெயில் சைக்கிளோடு இறங்கிப் பாருங்கள். மேடைகளில் தாவுவது அதில்தான் உங்களுக்கு வசப்படும், பெரிய சைக்கிள் உங்கள் தவறுகளை மூடி மறைத்துவிடும். நாளைக்கு ஏ-லைன் மாதிரி பெரிய தாவல் பாதையில் தினமும் இறங்க வேண்டும் என்று தோன்றினால், அந்த ஒன்றிரண்டு நாளுக்கு டவுன்ஹில் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

4,500 முழுவதையும் சைக்கிளில் போட்டுவிட வேண்டாம். 600 டாலரைத் தனியாக எடுத்து வையுங்கள். முகம் முழுக்க மூடும் ஹெல்மெட் உங்களிடம் இல்லை என்றால் முதலில் அது. பிறகு முழங்கால் கவசம், நல்ல கையுறை. அடிபட்டவர்களைத் தினமும் பார்க்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மீதி சர்வீஸுக்கு. ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க்கில் கீழ்க்கால்களை 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை திறந்து எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். வாரத்துக்கு மூன்று சவாரி, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் என்றால் எட்டு, ஒன்பது வாரத்தில் 50 மணி வந்துவிடும். மழைக்காலச் சேற்றில் ஓட்டுகிறவர்கள் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

சைக்கிள் கைக்கு வந்ததும் முதல் நாளே விஸ்லருக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஃப்ரோமில் பாப்ஸ்லெட் பாதையில் மூன்று, நாலு தடவை இறங்கி, காற்றையும் ரீபவுண்டையும் ஒன்றொன்றாக மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. பத்து மணி நேரம் ஓட்டிய பிறகு பின் சஸ்பென்ஷனின் பிவட் போல்ட்களை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புது சைக்கிளில் அவை தளரும். அதோடு ஷாக்கில் ரப்பர் வளையம் எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், லேசான டியூன் தேவையா என்று பார்த்துச் சொல்கிறேன்.